அனுமதி கிடைத்த பிறகு

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர், அரக்கோணம் என்று வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நடுவே அந்தத் தண்டவாளம் மேற்கே நீண்டது. அடுத்த ஆண்டு, 1857 செப்டம்பர் 5ஆம் தேதி, சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவானது. ரயிலும் பல்கலைக்கழகமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் கல்லூரி வகுப்பறையில் பெண்கள் வந்து உட்கார மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

இன்று அதே பாதையில் கல்லூரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே ஒரு ரயில் நிலையத்துக்கே ‘இந்துக் கல்லூரி’ என்று பெயர். வேப்பம்பட்டைச் சுற்றிப் பெருமாள்பட்டு, அயத்தூர், திருநின்றவூர் என்று பொறியியல் கல்லூரிகள். காலை நேர யூனிட் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் நிறைய அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் அவர்களில் ஏராளம்.

இந்த நிலைக்கு வந்த கதையை ‘முதல் பெண் மருத்துவர்’, ‘முதல் பெண் பொறியாளர்’ என்று முதல்களின் பட்டியலாகவே சொல்லிப் பழகியிருக்கிறது தமிழ்ச் சமூகம். பட்டியலில் தவறில்லை. ஆனால் சேர்ந்த பிறகு அந்தப் பெண் எங்கே தங்கினாள், யாருடன் உட்கார்ந்தாள், எப்படி வீடு திரும்பினாள் என்று கேட்டுக்கொண்டு அதே வரலாற்றைப் படித்தால், கதாநாயகர்கள் கொஞ்சம் இடம் மாறுவார்கள். மனுப் போட்டு வாசலைத் திறக்க வைத்தவர்களோடு, உள்ளே வந்தவர் நிலைத்து நிற்க ஓர் அறையையும் ஒரு விதியையும் உண்டாக்கியவர்களும் முன்னால் வருவார்கள்.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். மேரி ஷார்லீப், டோரா ஒயிட், மிட்செல், பீல் என்பன அவர்களின் பெயர்கள். ஷார்லீப் சென்னையில் தொழில் செய்த ஒரு பாரிஸ்டரின் மனைவி. ஆண் மருத்துவரிடம் காட்டக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் உயிரிழப்பதைக் கேள்விப்பட்டு, தானே மருத்துவம் படிப்பது என்று முடிவெடுத்தவர். சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபோர் இவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கு ஆதரவாக நின்றார்.

உலகம் அன்று எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எடின்பரோவில் 1869இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்த சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழியரும் தேர்வு எழுதப் போனபோது மாணவர் கூட்டம் கதவை அடைத்துக் கலவரம் செய்தது. கடைசியில் நீதிமன்றமும் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்தது 1878இல்தான். கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் கொடுக்க 1948 வரை காத்திருந்தது. இந்தப் பின்னணியில் சென்னை எடுத்த முடிவு துணிச்சலானது. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த வாதம் சமத்துவம் பற்றியது இல்லை. பர்தாவுக்குள் இருக்கும் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கப் பெண் வைத்தியர் தேவை என்ற கணக்கு அது. ஷார்லீப் லண்டனில் பட்டம் முடித்துத் திரும்பி, 1885இல் சென்னையில் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரி அந்தக் கணக்கின் விளைவு. திருவல்லிக்கேணிக்காரர்கள் பலர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான்.

பெண்ணின் படிப்பு பிறருக்குப் பயன்படும் என்று நிரூபித்தால்தான் அவளை உள்ளே விடுவது என்ற இந்தப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆணிடம் யாரும் அந்த நிரூபணத்தைக் கேட்கவில்லை.

கதவு திறந்த செய்தி தொலைதூரம் போனது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால், அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் 1882இல் சென்னைக்குப் படிக்க வந்தார். பின்னாளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் மனைவியானவர் இவர். அவருக்கு முன்பே, 1878இல், பம்பாய் மாகாணத்திலிருந்து வந்த கிருபாபாய் அதே கல்லூரியில் சேர்ந்து முதலாண்டில் சிறப்பாகத் தேறினார். இருவருமே உடல்நலம் கெட்டுப் படிப்பை முடிக்காமல் விலகினார்கள். கிருபாபாய் சத்தியநாதன் பிறகு எழுத்தாளராகப் பெயர் பெற்றார். மருத்துவ உலகம் இருவரையும் இழந்தது. பெற்றோரை விட்டு வந்து, பிறர் வீட்டில் தங்கி, ஆண்கள் நிறைந்த கல்லூரியில் கடும் படிப்பைத் தாங்குவது என்பது ஒருவரின் மன உறுதியை மட்டும் சார்ந்த விஷயம் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பட்டம் பெற்றோர் பட்டியலில் இருக்காது. இந்த இடைவெளியைத்தான் அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமியின் கதையில் இன்னொரு பூட்டும் சேர்ந்துகொண்டது. தந்தை நாராயணசாமி மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக ஓர் எதிர்ப்பு, தாயின் குலத்துக்காக ஓர் எதிர்ப்பு என்று இரண்டும் கிளம்பின. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார் முத்துலட்சுமி. சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர், தேவதாசி முறை ஒழிப்புப் போராளி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் நிறுவனர் என்று அதன்பின் வந்த புகழ் எல்லோருக்கும் தெரியும்.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. 1930இல், தேவதாசி வாழ்க்கையிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள நகரத்தின் விடுதிகள் தயாராக இல்லை. சட்டம் அவர்களை மீட்கலாம். படிக்கவைக்க ஒரு கூரை வேண்டும். முத்துலட்சுமி தன் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவ்வை இல்லம். அவருடைய பெரிய சாதனைகளின் வரிசையில் இதைக் கடைசியில் போடுவது வழக்கம். முதலில் போட வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு மன்னரின் தயவால் தனக்குக் கிடைத்ததை, தயவு கேட்கத் தேவையில்லாத ஏற்பாடாகப் பிறருக்கு மாற்றிக் கொடுத்த வேலை அது.

அதே வேலையை வேறொரு வட்டத்துக்குள் செய்தவர் சகோதரி சுப்பலட்சுமி. அவரும் 1886இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே விதவையானவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குத் தந்தை இணங்கவில்லை, படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார் சுப்பலட்சுமி. மறு ஆண்டே எழும்பூரில் இளம் விதவைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்கக் கட்டிய, மெரினா கரையில் உள்ள ஐஸ் ஹவுஸை 1917இல் அரசு வாங்கியபின், இல்லம் அங்கே குடிபெயர்ந்தது. கடலைப் பார்த்த அந்த வட்டக் கட்டடத்திலிருந்து பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய், ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள். 1922இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது.

ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமானது. பிற சாதியினரைச் சேர்த்தால் குடும்பங்கள் பெண்களை அனுப்பமாட்டா என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அது நடைமுறை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஓர் அநீதியை உடைக்க இன்னொரு அநீதியை அப்படியே விட்டுவைத்த ஏற்பாடு அது என்பதைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்காகச் சுப்பலட்சுமி ஒரு பள்ளியும் தொடங்கினார். பள்ளிக்குள் வந்த சாதிக் கலப்பு, படுக்கையறைக்கும் பந்திக்கும் வரவில்லை.

1914 ஜூலையில் மெரினாவிலேயே, ஹோட்டலாக இருந்த கேப்பர் ஹவுஸ் கட்டடத்தில், அரசு பெண்கள் கல்லூரி ஒன்று தொடங்கியது. டொரத்தி டி லா ஹே முதல்வர். பின்னர் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். அடுத்த ஆண்டு எலினார் மெக்டூகல் தலைமையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. நெல்லைப் பக்கத்தில் பாளையங்கோட்டை சாரா டக்கர் கல்லூரி இவற்றுக்கும் மூத்தது. இந்தக் கல்லூரிகளின் பெரிய பலம் விடுதி. ராணி மேரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921இல் ஆனர்ஸ் முடித்து, மிச்சிகன் வரை போய்த் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள் தலச்சேரிக்காரர். தங்க இடமில்லாமல் அந்தப் பயணத்தின் முதல் படியையே ஏறியிருக்க முடியாது. தீயர் சமூகத்தில் பிறந்த அவர், பின்னர் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார்.

திருவள்ளூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடக்கம். தனி மாவட்டமானது 1997இல்தான். அந்தச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும், எந்த வேலைக்கும் அவர்கள் தகுதி உள்ளவர்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலையைப் பெண்களுக்கே கொடுக்க வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டது. விதவைகளுக்கும் கோஷாப் பெண்களுக்கும் இரக்கம் காட்டும் மொழியிலிருந்து, உரிமை கேட்கும் மொழிக்குப் பேச்சு நகர்ந்த இடம் இது. சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் பிடித்தன: 1989.

சாதியும் பாலினமும் ஒரே ஆளின் மேல் சேர்ந்து அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஓர் உதாரணம் இருக்கிறது. அன்று அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. புலையர் சமூகத்தைச் சேர்ந்த தாட்சாயணி அங்கே வேதியியல் படித்தார். ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களுக்குச் சோதனைகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டிய ஆசிரியர் இவருக்குக் காட்டவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அறியப்படும் தாட்சாயணி வேலாயுதன், பிறகு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். சேர்க்கை கொடுத்துவிட்டு மேசையைச் சுற்றி நிற்க இடம் மறுப்பது எப்படி என்பதை அந்த ஆய்வுக்கூடம் காட்டுகிறது. அவருடைய பட்டச் சான்றிதழில் அந்தத் தூரம் பதிவாகவில்லை.

கிண்டிக்கு வருவோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முழுவதும் ஆண்களின் உலகம். 1940இல் அங்கே ஒரு பெண் சேர்ந்தார். அய்யலசோமயாஜுல லலிதா, சென்னையில் 1919இல் பிறந்த தெலுங்குப் பெண். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துபோனார். கையில் நான்கு மாதக் குழந்தை. மறுமணம் பற்றிப் பேச அந்தக் குடும்பங்களில் இடமில்லாத காலம். படித்து வேலைக்குப் போவது என்று லலிதா தீர்மானித்தார். மருத்துவம் படிக்கலாம்தான், ஆனால் நேரங்கெட்ட நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய தொழில் குழந்தை வளர்ப்புக்கு ஒத்துவராது என்று நினைத்தார். அப்பா, அண்ணன் தம்பிகள் எல்லாம் பொறியாளர்கள். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர்.

சுப்பாராவ், கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டேதமின் அனுமதியும் கிடைத்தது. லலிதா மின்பொறியியலில் சேர்ந்தார். பேராசிரியரின் மகளாக இல்லாத ஒரு விதவைப் பெண் அதே மனுவைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆனால் கிண்டி நிர்வாகம் அதன்பிறகு செய்தது கவனத்துக்குரியது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவே விடுதியில் ஒரே பெண் தனியாக இருப்பதைப் பார்த்து, கல்லூரி பெண்களுக்கும் சேர்க்கை உண்டு என்று விளம்பரம் கொடுத்தது. கேரளத்துப் பெண்கள் இருவர், லீலாம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும், கட்டடப் பொறியியலுக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது மூன்று பேர். பேசிக்கொள்ள ஆள் இருந்தது. சாப்பாட்டு அறைக்குச் சேர்ந்து போகலாம். குழந்தையைச் சகோதரர் குடும்பம் பார்த்துக்கொண்டது. வார இறுதியில் லலிதா அங்கே போய்வந்தார்.

ஒரு கல்லூரி செய்யக்கூடிய மிக எளிய உதவி இது. பெரிய செலவும் கிடையாது, சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. தனியொரு பெண்ணைத் தாங்க முடியாத கூட்டத்தில் விட்டுவிட்டு, அவள் தாக்குப்பிடிப்பாளா என்று வேடிக்கை பார்க்காமல், அவளுக்குத் துணையைத் தேடிக் கொடுத்தது. சேர்த்தல் என்ற சொல்லுக்குக் கிண்டி 1940களில் கொடுத்த இந்தப் பொருளைப் பின்னால் வந்த பல கல்லூரிகள் எட்டவில்லை.

போர்க்காலம் என்பதால் படிப்புக் காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டது. மூவரும் ஒரே சமயத்தில் பட்டம் பெற்றார்கள். அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாலில் இருந்த இடத்தைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக எழுதிக் கொடுத்தார்கள். லலிதா பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் பணியாற்றி, பக்ரா நங்கல் அணைக்கான மின் பணிகளிலும் பங்கெடுத்தார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். த்ரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

வேப்பம்பட்டிலிருந்து அதே தண்டவாளத்தில் அரக்கோணம் போய், அங்கிருந்து வடக்கே திரும்பினால் திருத்தணி. அந்த ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில், விடுதலைக்குப் பின் 1948இல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1949இல் வந்த அறிக்கையில் பெண் கல்விக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆணுக்கோ பெண்ணுக்கோ ஒருவருக்குத்தான் கல்வி தர முடியும் என்றால், பெண்ணுக்கே தர வேண்டும், அவள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று அது வலியுறுத்தியது. கூடவே, பெண்ணின் கல்வி ஆணின் கல்வியைப் போலவே இருக்க வேண்டியதில்லை, வீட்டு நிர்வாகமும் செவிலியர் பணியும் அவளுக்குப் பொருத்தம் என்றும் சொன்னது. குழுவின் பத்து உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை. பெண்ணைப் பற்றிய அத்தியாயத்தில் தாயும் இல்லத்தரசியும் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கிண்டியில் மூன்று பெண்கள் பொறியாளராகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

பிறகு கல்லூரிகள் வேகமாகப் பெருகின. 1948இல் பாரிஸ்டர் எத்திராஜ் தன் சொத்தைக் கொடுத்துப் பெண்கள் கல்லூரி தொடங்கினார். 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீதின் முயற்சியில் எஸ்.ஐ.இ.டி. பெண்கள் கல்லூரி வந்தது. முஸ்லிம் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் பலர் அதன் வழியாக வந்தவர்கள். 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே காலத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு மாநில அரசு அனுமதி கொடுத்தது. திருவள்ளூர், அரக்கோணம் பாதையின் நிலங்களில் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்தது அதன் தொடர்ச்சி. பொறியியல் நுழைவுத் தேர்வை 2007இல் தமிழ்நாடு கைவிட்டதும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்ததும் கிராமத்துப் பெண்களை இந்த வளாகங்களுக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தன.

எண்ணிக்கை கூடியது, சுவர்களும் கூடின. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. காலேஜ் பஸ்ஸில் முன்பாதி, பின்பாதி. பையனோடு பேசினால் அபராதம், வீட்டுக்கு போன். தமிழ்நாட்டுத் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் படித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இந்த விதிகளை ஒப்பிப்பார். 2005இல் அண்ணா பல்கலைக்கழகமே ஜீன்ஸ், டி-சர்ட், கையில்லாத மேலாடை கூடாது என்று இணைப்புக் கல்லூரிகளுக்கு உத்தரவு போட்டது. பெற்றோரின் பயத்தைத் தணித்து மகளை அனுப்ப வைக்க இவை உதவின என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஐஸ் ஹவுஸுக்கும் அன்று இதே நியாயம்தான் சொல்லப்பட்டது. ஆனால் நான்கு ஆண்டுகள் சக மாணவனோடு ஒரு சந்தேகம் கேட்கக்கூட முடியாமல் படித்த பெண், வேலைக்குப் போன முதல் நாளே ஆண்கள் நிறைந்த குழுவில் பேசியாக வேண்டும். அந்தச் சுமையை அவள் தலையில் வைத்தது யார்?

பயம் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. 1998 ஜூலையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் தெருவில் இளைஞர்களின் சீண்டலில் உயிரிழந்தார். ஈவ் டீசிங் என்று அதுவரை சினிமா நகைச்சுவையாகப் பார்க்கப்பட்டது அன்றோடு குற்றமானது. மாநில அரசு அதே ஆண்டு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 1997 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்திருந்தது. அதன் வழியில் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளும் வந்தன.

இந்த 2015 விதிகள் இன்னும் அதிகம் படிக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஆசிரியர் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், மாணவர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உட்கார வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். துணைவேந்தர், பதிவாளர், டீன் போன்றவர்கள் உறுப்பினராகக் கூடாது. மாணவிகளோடு, ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்றும் விதிகள் ஒப்புக்கொள்கின்றன. இதற்கு அடிப்படையான ‘சக்ஷம்’ அறிக்கை 2013இல் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னது: பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிப் பெண்களுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக்கூடாது.

2024 டிசம்பரில் கிண்டி வளாகத்துக்குள்ளேயே, லலிதா படித்த அதே வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் வெளியாளால் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் தைரியமாகப் புகார் கொடுத்தார். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் இருந்த அவருடைய விவரங்கள் வெளியே கசிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு இவ்வளவு விரைவாக முடிந்தது ஆறுதல். ஆனால் அந்த மாணவியை நோக்கி, ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தாய் என்ற கேள்வியும் ஊடகங்களிலும் தெருவிலும் வந்தது. சீண்டியவனை விட்டுவிட்டுச் சீண்டப்பட்டவளின் கடிகாரத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் விடுதிக் கதவுகளை ஆறு மணிக்கே மூட வைக்கிறது.

இடம் என்பது சுவரும் மண்ணும்கூடத்தான். 2003இல் ராணி மேரி கல்லூரியை அகற்றிவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தபோது, மாணவிகள் வளாகத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள். ஆசிரியர்களும் பழைய மாணவிகளும் சேர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1914இல் தமக்கு முன்னால் வந்தவர்களுக்குக் கிடைத்த கடற்கரைத் துண்டை, அரசிடமிருந்தே காப்பாற்றிக்கொண்ட பெண்கள் அவர்கள். சென்னையின் பெண் கல்வி வரலாற்றில் அது ஒரு பெரிய நிகழ்வு.

அரசுத் திட்டங்களின் போக்கிலும் ஒரு மாற்றம் தெரியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் வந்த திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு உதவி செய்தது. பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்கும் தூண்டுகோல் அது. பிறகு பத்தாம் வகுப்பு, பட்டப் படிப்பு என்று தகுதி உயர்ந்தது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி, வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில் அதே அம்மையார் பெயரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்யாணச் செலவுக்கு இருந்த பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கையருக்கும் கட்டணமில்லாப் பயணம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021–22 கணக்குப்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆண், பெண் இடையே இங்கே பெரிய இடைவெளி இல்லை.

அந்த 47இல் சேராதவர்கள் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்கு வரும் பெண்கள், வேப்பம்பட்டு காலேஜ் பஸ்ஸில் போகும் பெண்களின் வயதுதான். அவர்களுக்கும் முதல் பிரச்சினை தங்கும் இடமே என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. விடுதிச் சாப்பாட்டில் பலர் நோய்வாய்ப்பட, ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் பாதையில் மிகக் கடினமாக ஏறியவர் கிரேஸ் பானு. தூத்துக்குடியைச் சேர்ந்த தலித் திருநங்கை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் வந்த பிறகு வரவும், அவர்கள் கிளம்பும் முன் போய்விடவும் தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். டிப்ளமோ படித்தார், மென்பொருள் வேலைக்குப் போனார். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி, திருநர் மூன்றாம் பாலினமாகத் தங்களை அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு பானு, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரக்கோணம் தனியார் கல்லூரி ஒன்றில் மின்னியல் பொறியியலில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் சேர்ந்த முதல் திருநர் அவர்தான். லலிதா படித்த அதே மின் துறை. லலிதாவுக்குப் பேராசிரியரான அப்பா இருந்தார். பானு கட்டணத்துக்காக முகநூலில் உதவி கேட்டார்.

திருநங்கையர் நல வாரியத்தை நாட்டிலேயே முதலில், 2008இல், அமைத்தது தமிழ்நாடு. 2015இல் திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பானு அதை ஏற்கவில்லை. தலித்தாகப் பிறந்த திருநங்கைக்கு அது எதையும் கூடுதலாகத் தராது. பட்டியல் சாதியா, திருநரா என்று ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்பது அவர் வாதம். எந்தச் சாதிப் பிரிவில் இருந்தாலும் அந்தப் பிரிவுக்குள்ளேயே திருநருக்கு இடம் ஒதுக்கும் கிடைமட்ட இட ஒதுக்கீட்டை அவர் கேட்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த முறைதான் நடைமுறையில் இருக்கிறது. கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் திருநருக்கு ஒரு சதவீதம் அப்படியே ஒதுக்கியது. தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் அதைக் கொண்டுவரச் சொல்லி, கிரேஸ் பானுவும் தோழர்களும் நீதிமன்றத்திலும் தெருவிலும் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள்.